பேண்டேஜ் முதலில், கிளவுஸ் பிறகு: குத்துச்சண்டைக்குக் கையைத் தயார் செய்வது

குத்துச்சண்டை பழக வருகிற எல்லோரும் முதலில் விசாரிப்பது கிளவுஸை. என்ன நிறம், என்ன கம்பெனி, எத்தனை அவுன்ஸ் என்று ஒரு வாரம் போனில் தேடுவார்கள். கிளவுஸுக்குள் கையில் சுற்றிக் கட்டும் நீளத் துணிப்பட்டை, பேண்டேஜ் என்று ஒன்று வேண்டும் என்பது கடைக்காரர் சொன்னால்தான் தெரியும். அவரும் பெரும்பாலும் சொல்வதில்லை. சித்தூர், குப்பம், பலமநேர் பக்கமும் சரி, எல்லைக்கு இந்தப் பக்கம் குடியாத்தம், பேரணாம்பட்டு, வாணியம்பாடியிலும் சரி, ஊர்க்கடையில் கிடைப்பது கேரம் போர்டுக்கும் கிரிக்கெட் மட்டைக்கும் நடுவே தொங்கும் ஒரு ஜோடி சிவப்பு ரெக்சின் கிளவுஸ். அதை வெறுங்கையில் மாட்டிக்கொண்டு மணல் மூட்டையை நான்கு நாள் குத்தினால் ஐந்தாம் நாள் மணிக்கட்டு வீங்கும். அந்த வீக்கத்தில் கிளவுஸின் பங்கு கொஞ்சம்தான்.

கிளவுஸுக்குள் இருக்கும் ஃபோம் அடியின் அதிர்ச்சியைப் பரப்பித் தணிக்கிறது. எதிரே நிற்பவர் முகத்துக்கும் அது காப்பு. ஆனால் கைக்குள் இருக்கும் எலும்புகள் ஒன்றைவிட்டு ஒன்று விலகாமல் பிடித்துக்கொள்வது துணிக்கட்டின் வேலை. மணிக்கட்டிலிருந்து விரல் நுனிவரை ஒரு கையில் 27 எலும்புகள். உள்ளங்கைக்குள் நீளவாக்கில் ஓடும் ஐந்தில், ஆட்காட்டி விரலுக்கும் நடுவிரலுக்கும் உரியவை மணிக்கட்டோடு கெட்டியாகப் பொருந்தியவை. மோதிர விரல், சுண்டுவிரல் எலும்புகள் ஆடும். கையை லேசாக மடக்கி, மறுகையால் விரல்களின் அடியிலுள்ள முட்டிகளை ஒவ்வொன்றாகப் பிடித்து மேலும் கீழும் அசைத்துப் பாருங்கள், வித்தியாசம் உடனே தெரியும். சுண்டுவிரல் பக்கமாக அடி விழுந்தால், முட்டிக்குச் சற்றுக் கீழே, அந்த எலும்பின் கழுத்துப் பகுதி முறியும். டாக்டர்கள் ‘பாக்ஸர்ஸ் ஃப்ராக்சர்’ என்று சொல்வது இதைத்தான். பெயர்தான் அப்படி, கோபத்தில் சுவரையும் கதவையும் குத்திவிட்டு வருகிறவர்களிடம்தான் இதை அதிகம் பார்க்கலாம். முறையாகப் பழகியவர் முதலிரண்டு முட்டிகளால் குத்துவார்.

ஆகவே கட்டுக்கு மூன்று வேலை. உள்ளங்கை எலும்புகளை, விறகைக் கயிற்றால் இறுக்குவதுபோல, ஒரே கட்டாகச் சேர்ப்பது. மணிக்கட்டு மடங்காமல் நிறுத்துவது. கட்டைவிரல் வெளிப்பக்கம் பிய்ந்து போகாமல் தடுப்பது. முட்டிமேல் கொஞ்சம் மெத்தை கிடைப்பது இதில் உபரி லாபம். கையில் இருக்கும் பணம் குறைவென்றால் கிளவுஸின் விலையைக் குறையுங்கள், பேண்டேஜில் கை வைக்காதீர்கள். எப்படியும் இரண்டில் மலிவானது அதுதான்.

பேண்டேஜ் வாங்குவது

ஆன்லைனில் ‘ஹேண்ட் ராப்’ என்று தேடினால் கிடைக்கும். மூன்று நீளங்கள் வருகின்றன: 108 அங்குலம், 120 அங்குலம், 180 அங்குலம். மீட்டரில் ஏறக்குறைய 2.7, 3, 4.5. அகலம் 5 சென்டிமீட்டர். பெரியவர்களுக்கு 4.5 மீட்டர்தான். காரணத்தைக் கணக்குப் போட்டே பார்க்கலாம். மணிக்கட்டைச் சுற்றி ஒரு சுற்றுக்கு 17 முதல் 20 சென்டிமீட்டர் துணி போகும், முட்டிகளைச் சுற்றி அதைவிடச் சற்றுக் கூடுதல். இரண்டு இடத்திலும் மூன்று மூன்று சுற்றுப் போட்டால் ஒன்றேகால் மீட்டர் காலி. விரல் இடுக்குகளில் விட்டு எடுக்க இன்னொரு மீட்டர். 2.7 மீட்டரில் அதற்குப் பிறகு மிஞ்சுவது மணிக்கட்டுக்கு இரண்டு சுற்று, கட்டைவிரலுக்கு ஒன்றுமில்லை. நீளத் துணியில் இரண்டு மீட்டருக்கு மேல் கையில் இருக்கும், முட்டிக்கும் மணிக்கட்டுக்கும் இரண்டாம் அடுக்குப் போடலாம். பன்னிரண்டு வயதுக்குக் கீழே உள்ள பிள்ளைகளின் சின்னக் கைக்கு 3 மீட்டர் போதும். அமெச்சூர் போட்டி விதிகளும் 4.5 மீட்டர் வரை அனுமதிப்பதால், பழகிய பேண்டேஜையே போட்டியிலும் கட்டலாம்.

துணியில் இரண்டு ரகம் உண்டு. இழுபடாத சுத்தப் பருத்தி ஒன்று. கொஞ்சம் எலாஸ்டிக் கலந்து லேசாக இழுபடுவது இன்னொன்று, இதை ‘மெக்சிகன்’ என்று விற்கிறார்கள். புதிதாகக் கட்டுகிறவருக்கு இரண்டாவதுதான் சுலபம். கையின் வளைவுக்கு ஏற்பப் படியும், சுருக்கம் விழாது. பருத்தி நன்றாக உழைக்கும், வியர்வையை உறிஞ்சும், ஆனால் கட்டத் தெரியாதவர் கையில் ஒன்று தளரும், இல்லை ரத்தத்தை நிறுத்தும். ஒரு மீட்டர் துணியைப் பிடித்து இழுத்தால் ஒரு சாண் அளவுக்கு நீளலாம். ஒன்றரை மடங்காக நீண்டால் வேண்டாம்.

மெடிக்கல் ஷாப்பில் கிடைக்கும் கிரேப் பேண்டேஜைப் பலர் வாங்கிச் சுற்றுகிறார்கள். சுளுக்குக்கு அது சரி, இதற்குச் சரிவராது. அளவுக்கு மீறி இழுபடுவதால் இறுக்கம் எவ்வளவு என்று கைக்குத் தெரியாது. மூன்றாவது ரவுண்டில் விரல் மரத்துப்போகும், ஐந்தாவதில் வியர்வையில் நனைந்து மொத்தமாக நழுவும். உள்ளே ஜெல் வைத்து, உறை மாதிரி மாட்டிக்கொள்ளும் ரகமும் இருக்கிறது. அவசரத்துக்கு நல்லது, முட்டித்தோல் உரியாது. மணிக்கட்டை மட்டும் அது தாங்கவே தாங்காது.

வாங்கும்போது பார்க்க வேண்டிய இடம் இரண்டு முனைகள். கட்டைவிரல் நுழையும் வளையம் இரட்டைத் தையல் போட்டிருக்க வேண்டும். மறுமுனை வெல்க்ரோ குறைந்தது நான்கு விரல் நீளம் இருக்க வேண்டும். மலிவு ரகத்தில் இரண்டு விரல் அளவுதான் வைப்பார்கள். இருபது முறை துவைத்தால் ஒட்டாது. இரண்டு ஜோடி வாங்குங்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் துணி காயாது, அப்போது மூன்று ஜோடி இருந்தால் நிம்மதி. முதலில் ஒருமுறை தண்ணீரில் அலசிவிட்டுக் கட்டுங்கள்: புதுத்துணியின் கஞ்சி போகும், சிவப்பும் கறுப்பும் விடும் சாயம் கிளவுஸின் உள்துணியில் ஏறாது.

கட்டும் முறை

நிற்கும்போது கையை இடுப்பு உயரத்தில் முன்னால் நீட்டி, ஐந்து விரல்களையும் நன்றாக விரித்துக்கொள்ளுங்கள். விரல்களைச் சேர்த்து வைத்துக் கட்டினால், பிறகு முஷ்டி பிடிக்கும்போது கை அகன்று துணி கையை நெரிக்கும். மணிக்கட்டு நேராக இருக்க வேண்டும், மேலோ கீழோ வளைந்திருந்தால் அந்த வளைவிலேயே கட்டு உறைந்துவிடும்.

வளையத்தில் கட்டைவிரலை நுழைத்து, துணியைப் புறங்கை வழியாக மணிக்கட்டுக்குக் கொண்டுவாருங்கள். உள்ளங்கை வழியாகக் கொண்டுவந்தால் முஷ்டி பிடிக்கும்போது வளையம் தளரும். மணிக்கட்டில் மூன்று சுற்று. ஒவ்வொன்றும் முந்தைய சுற்றில் பாதியை மூடியபடி முழங்கை நோக்கி இறங்கட்டும். மணிக்கட்டு மடிப்புக்குக் கீழே நான்கைந்து சென்டிமீட்டர் வரை போக வேண்டும். மடிப்பின் மேலேயே மூன்று சுற்றையும் போடுகிறவர்கள் நிறைய. கயிறு கட்டியதுபோல இறுக்கம் தெரியும், மணிக்கட்டு மடங்குவது மட்டும் நிற்காது.

அங்கிருந்து புறங்கையில் சாய்வாக ஏறி, முட்டிகளைச் சுற்றி மூன்று சுற்று. துணியின் நடுப்பகுதி முட்டிமேல் உட்கார வேண்டும். கீழே, புறங்கையிலேயே நின்றுவிட்டால் முட்டி வெறுமையாக இருக்கும். மேலே விரலின் நடுக்கணு வரை போனால் விரல் மடங்காது. முட்டிக்குக் கூடுதல் மெத்தை வேண்டுமென்றால், கட்ட ஆரம்பிக்கும் முன்பே துணியின் ஒரு பகுதியை நான்கு மடிப்பாக மடித்து முட்டிகளின் மேல் வைத்து, அதன்மேல் சுற்றலாம். தினமும் மூட்டை குத்துகிறவர்களுக்கு இது பயன்படும். மற்றவர்களுக்குத் தேவையில்லை.

அடுத்து விரல் இடுக்குகள். கட்டைவிரல் அடியிலிருந்து புறங்கை வழியாகப் போய், சுண்டுவிரலுக்கும் மோதிர விரலுக்கும் இடையே நுழைந்து, உள்ளங்கை வழியாகக் கட்டைவிரல் அடிக்கே திரும்ப வேண்டும். இதேபோல மோதிர விரல், நடுவிரல் இடுக்கில் ஒன்று. நடுவிரல், ஆட்காட்டி விரல் இடுக்கில் ஒன்று. முடிந்ததும் புறங்கையில் பெருக்கல் குறிகள் தெரியும். உள்ளங்கைப் பக்கம் துணி சுருங்கித் திரளக்கூடாது. திரண்டால் முஷ்டி முழுதாக மூடாது. மூடாத முஷ்டியில் குத்தினால் விரல் நடுக்கணுக்கள் அடிவாங்கும். இடுக்கில் போகும்போது துணியை மடிக்காமல், ஓரத்தை மட்டும் சாய்த்து விடுவது கைப்பழக்கத்தில்தான் வரும்.

கட்டைவிரலைத் தனியாக ஒருமுறை சுற்றி, புறங்கைக்கு இழுத்துப் பூட்டுங்கள். இரண்டு சுற்றுப் போட்டால் கிளவுஸின் கட்டைவிரல் அறைக்குள் அது நுழையாது. மிச்சத் துணியில் முட்டிகளுக்கு இன்னும் மூன்று சுற்று, பிறகு மீதி எல்லாம் மணிக்கட்டுக்கு. வெல்க்ரோ மணிக்கட்டின் மேல்பக்கம் வந்து முடிந்தால் நல்லது. உட்பக்கம் முடிந்தால் கிளவுஸ் பட்டை அதன்மேல் அழுத்தித் தோலைத் தேய்க்கும்.

சரியாகக் கட்டிய கை, விரித்தால் தளர்வாகவும் முஷ்டி பிடித்தால் இறுக்கமாகவும் இருக்கும். ஒரு நகத்தை அழுத்தி விடுங்கள். வெளுத்த இடம் இரண்டு விநாடிக்குள் சிவக்க வேண்டும். விரல் நுனி குளிர்ந்தாலோ சுருசுருவென்றாலோ பிரித்துக் கட்டுங்கள். ‘போகப்போகத் தளரும்’ என்று விடுவது பழக்கமாகிவிடக் கூடாது. இரண்டு கைக்கும் சேர்த்து ஆரம்பத்தில் பத்து நிமிடம் ஆகும், பழகினால் மூன்று, நான்கு நிமிடம். இடக்கையால் வலக்கையைக் கட்டுவதுதான் எப்போதும் மோசமாக வரும். அந்தக் கைதான் பலமாகக் குத்துவதும். அதனால் வலக்கையை முதலில், பொறுமை இருக்கும்போதே கட்டிவிடுங்கள்.

அவுன்ஸ் என்றால் என்ன, எதற்கு எது

கிளவுஸில் அச்சிட்டிருக்கும் அவுன்ஸ் என்பது ஒற்றைக் கிளவுஸின் எடை. கையின் அளவு அல்ல. ஓர் அவுன்ஸ் 28.35 கிராம். 10 அவுன்ஸ் 283 கிராம், 12 அவுன்ஸ் 340, 14 அவுன்ஸ் 397, 16 அவுன்ஸ் 454. மளிகைக்கடைத் தராசில் வைத்தால் குட்டு வெளிப்பட்டுவிடும். பத்திருபது கிராம் முன்பின் இருக்கலாம். 12 என்று போட்டுவிட்டு 260 கிராம் நின்றால் திருப்பிக் கொடுங்கள். ஒரே ஜோடியில் இடது, வலது எடை மாறுவதும் மலிவு ரகத்தில் சாதாரணம்.

மூட்டைக்கும், பயிற்சியாளர் கையில் பிடிக்கும் பேடுக்கும் 60 கிலோவுக்குக் கீழே இருப்பவருக்கு 10 அல்லது 12, அதற்கு மேல் 12 அல்லது 14, எண்பதைத் தாண்டியவருக்கு 16. எதிராளியோடு பயிற்சியாக மோதும் ஸ்பாரிங்குக்குப் பெரியவர் என்றால் 16, சிறிய உடம்புக்காரர், பெண்கள், வளரும் பையன்களுக்கு 14. ஒரே ஜோடிதான் வாங்க முடியும் என்கிறவர் 14 அல்லது 16 வாங்கினால் இரண்டுக்கும் ஓடும். ஆனால் ஒரு விஷயத்தில் கண்டிப்பு வேண்டும்: மூட்டையில் அடித்து அடித்து ஃபோம் கெட்டியான கிளவுஸோடு ஸ்பாரிங் போகக் கூடாது. உங்கள் கைக்கு ஒன்றும் ஆகாது, எதிராளியின் தாடைக்கும் தலைக்கும் ஆகும்.

போட்டிக்கென்று தனியாக 10 அவுன்ஸ் வாங்கி வைக்கும் செலவும் வேண்டாம். அமெச்சூர் போட்டிகளில் எடைப்பிரிவைப் பொறுத்து 10 அல்லது 12 அவுன்ஸ் கிளவுஸைப் பெரும்பாலும் நடத்துகிறவர்களே கொடுப்பார்கள். தொழில்முறையில் 66.7 கிலோ வரை பொதுவாக 8 அவுன்ஸ், அதற்கு மேல் 10. டிவியில் அதைப் பார்த்துவிட்டு 8 அவுன்ஸில் மூட்டை குத்தும் இளைஞர்கள், அந்தக் குத்துச்சண்டை வீரர் கிளவுஸுக்குள் காஸ் துணியும் டேப்பும் அடுக்கிக் கட்டியிருப்பதைப் பார்த்திருக்க மாட்டார்கள். கிளவுஸைக் கட்டாயமாக்கிய குவீன்ஸ்பரி விதிகள் வந்தது 1867-ல். அதற்கு முன்பு வெறுங்கையில் சண்டையிட்டவர்கள், கை உடையும் என்பதால் தலையில் இவ்வளவு குத்துவதில்லை. மெத்தை வந்தபிறகுதான் தலை முக்கிய இலக்கானது.

கடையில் மாட்டிப் பார்க்கும்போது

பேண்டேஜ் கட்டிய கையோடு போட்டுப் பாருங்கள். வெறுங்கையில் கச்சிதமாக இருக்கும் கிளவுஸ், கட்டுடன் நுழையவே நுழையாது. நகரி, புத்தூர் பக்கத்தவர்கள் ரயிலேறிச் சென்னை பெரியமேட்டுக்கும், குப்பத்தவர்கள் பெங்களூருக்கும் போய் வாங்குவதுண்டு. போகும்போதே பேண்டேஜைப் பையில் வைத்துக்கொள்ளுங்கள். ஆன்லைனில் வாங்கினால் வீட்டுக்குள் மாட்டிப் பார்த்து முடிவெடுக்கும்வரை ஒரு குத்துகூடக் குத்த வேண்டாம். குத்திய சுருக்கம் விழுந்தால் திருப்பி எடுக்கமாட்டார்கள்.

விரல் நுனிகள் அறையின் முனையை லேசாகத் தொட வேண்டும். தொடாமல் ஒரு விரல் இடம் இருந்தால் கை முன்னும் பின்னும் ஓடும், முட்டி மெத்தை தடித்த இடத்தைவிட்டுப் பின்வாங்கி நிற்கும். முஷ்டி பிடியுங்கள்: உள்ளங்கையில் குறுக்கே உருளையாக ஒரு பிடி தட்டுப்பட வேண்டும். அது இல்லாத கிளவுஸில் ஒவ்வொரு குத்துக்கும் முஷ்டியை இறுக்கிப் பிடித்தே முன்கை ஓய்ந்துவிடும். ஓய்ந்த பிறகு முஷ்டி தளரும், அப்போதுதான் விரல் மடங்கி அடிபடும்.

பிறகு முட்டிகளைக் கடை மேஜைமேல் வைத்து உடம்பின் எடையைக் கொஞ்சம் இறக்குங்கள். மேஜையின் கெட்டித்தனம் முட்டிக்குத் தெரிந்தால் அந்த ஃபோம் சரியில்லை. இதையே மணிக்கட்டுக்கும் செய்யலாம்: முஷ்டியைச் சுவரில் நேராக ஊன்றி மெல்லத் தள்ளும்போது மணிக்கட்டு ஒரு பக்கம் மடிந்தால், கைப்பட்டை மெலிசு அல்லது குட்டை. பட்டை மணிக்கட்டைத் தாண்டி ஆறேழு சென்டிமீட்டர் இறங்கியிருப்பது நல்லது. கட்டைவிரல் அறை மற்ற விரல்களோடு ஒரு பட்டையாலோ தையலாலோ இணைந்திருக்க வேண்டும். தனியாக விலகி நின்றால் எதிராளியின் முழங்கையிலோ ஆடும் மூட்டையிலோ மாட்டும். கட்டைவிரல் அடியிலுள்ள தசைநார் கிழிந்தால் ஆறுவதற்கு மாதக்கணக்கில் ஆகும்.

ஃபோம் உள்ளே அடுக்கடுக்காக வைத்ததா, அச்சில் வார்த்ததா என்பதும் தெரிய வேண்டும். அச்சில் வார்த்தது முதல் நாளே மெத்தென்று இருக்கும், வடிவம் மாறாது. ஆனால் மலிவில் கிடைக்கும் வார்ப்பு சீக்கிரம் அமுங்கி, மீண்டு எழாமல் போகும். அடுக்கு ஃபோம் முதல் இரண்டு மூன்று வாரம் முரடாக இருந்து, பிறகு கைக்குப் பழகும். அந்த முரட்டுத்தனத்தைப் போக்க கிளவுஸைத் தண்ணீரில் நனைப்பது, சுத்தியால் தட்டுவது எல்லாம் நடக்கிறது. வேண்டாம், பத்து நாள் பேடில் மெதுவாகக் குத்தினால் தானே இளகும். உலகப் பெயர்களில் ஜப்பானின் வின்னிங் கையைக் காக்கும் மெத்தைக்குப் பேர்போனது, மெக்சிகோவின் கிளீட்டோ ரெயஸ் அடியின் உறைப்புக்கு. கை வலிக்கிறதென்று தேடிப்போய் இரண்டாவதை வாங்குகிறவர்களும் இருக்கிறார்கள். விலை இரண்டிலுமே எட்டாத உயரம் என்பதால் நமக்கு இது பொது அறிவுதான். ஜலந்தரிலும் மீரட்டிலும் தயாராகி வரும் நடுத்தர விலை கிளவுஸ் பழகுவதற்குத் தாராளமாகப் போதும்.

வெல்க்ரோவா லேஸா என்றால், தனியாக வந்து தனியாகப் பழகுகிறவருக்கு வெல்க்ரோ. லேஸ் மணிக்கட்டை இன்னும் நன்றாகப் பிடிக்கும், ஆனால் முடிச்சுப் போட இன்னோர் ஆள் வேண்டும்.

தோலா, ரெக்சினா

‘லெதர்’ என்று லேபிள் சொன்னாலே மாட்டின் மேல்தோல் என்று அர்த்தமில்லை. தோலின் அடிப்பகுதியைப் பிளந்தெடுத்து, மேலே பிளாஸ்டிக் பூச்சுக் கொடுத்த ஸ்ப்ளிட்டும் அந்தப் பெயரிலேயே விற்கிறது. இந்த விஷயத்தில் நம் பக்கத்துக்காரர்களுக்கு ஓர் அதிர்ஷ்டம்: ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டில் டேனரிக்கோ ஷூ கம்பெனிக்கோ வேலைக்குப் போகிற ஒருவர் எப்படியும் தெரிந்தவராக இருப்பார். அவரிடம் காட்டினால் விரலால் மடித்துப் பார்த்தே சொல்லிவிடுவார். நீங்களே பார்ப்பதென்றால் கைப்பட்டை ஓரத்திலோ லேஸ் துளையிலோ வெட்டுமுனையைப் பாருங்கள். நல்ல தோல் மேலிருந்து கீழ்வரை நார்நாராக ஒட்டியிருக்கும். மேலே மெல்லிய ஏடு தனியாகத் தெரிந்தால் பூச்சு. ரெக்சின் என்றால் அடியில் நெய்த துணியே தெரியும். அழுத்தி மடித்தால் தோலில் நுண்ணிய சுருக்கங்கள் விழுந்து மறையும், பிளாஸ்டிக்கில் ஒரே கோடாக மடியும்.

வாரம் இரண்டு நாள் போகிறவருக்கு நல்ல பி.யூ. (பாலியூரித்தேன்) ரெக்சின் போதும், ஓராண்டுக்கு வரும். நான்கைந்து நாள் குத்துகிறவருக்குத் தோல்தான் கணக்கில் மலிவு. எதுவானாலும் முதலில் விடுவது கட்டைவிரல் தையல், அடுத்தது உள்ளங்கை ஓரம். ஷூவின் மேல்பாகம் தைக்கிறவரிடம் நைலான் நூலில் போட்டுக்கொள்ளலாம். உள்துணி கிழிந்து விரல் அதற்குள் போய் மாட்ட ஆரம்பித்தால் தைத்துப் பயனில்லை.

எதைக் குத்துகிறோம்

நல்ல கட்டு, நல்ல கிளவுஸ் எல்லாம் இருந்தும் கை வலிக்கிறது என்றால் பெரும்பாலும் குற்றவாளி மூட்டை. மணல் நிரப்பிய மூட்டையில் சில வாரங்களில் மணல் அடியில் இறங்கிப் பாறையாகிவிடும். மேலே பஞ்சு, கீழே கல். உடம்புக்குக் குறிவைத்த குத்து அந்தக் கல்லில் போய் விழும். மெக்கானிக் கடைகளுக்கு வரும் பனியன் வேஸ்ட், தையல் கடை வெட்டுத்துணி இவற்றை வாங்கி, பட்டனும் ஜிப்பும் இல்லாமல் பொறுக்கி, ஒரு சாண் ஒரு சாணாகப் போட்டு மிதித்து நிரப்புங்கள். எடை குறைவாகத் தோன்றினால் மணலைச் சிறு பைகளில் கட்டி நடுமையத்தில் வைத்து, சுற்றிலும் துணி வரும்படி செய்யலாம். மூன்று மாதத்துக்கு ஒருமுறை இறக்கித் தலைகீழாகத் தட்டி, மறுபடி அடைக்க வேண்டும். லாரி டயரைத் தொங்கவிட்டுக் குத்துவது வீடியோவில் நன்றாக இருக்கும்.

வெயிலும் வியர்வையும்

வேலூர், சித்தூர் கத்திரி வெயிலில் 40 டிகிரியைத் தாண்டும்போது ஸ்கூட்டர் டிக்கிக்குள் இன்னும் கொதிக்கும். நனைந்த கிளவுஸை அதில் போட்டுவிட்டு ஆபீஸ் போனால் பசை விடும், தோலின் எண்ணெய் வற்றி வெடிப்பு வரும், நாற்றம் நிரந்தரமாகும். நேர் வெயிலில் காயவைப்பதும் அதே கேடுதான். பழகி முடித்ததும் பட்டையை முழுக்கத் திறந்து, பழைய செய்தித்தாளைக் கசக்கி உள்ளே திணித்து, ஃபேன் காற்றில் வாய் கீழே பார்க்க வையுங்கள். ஒரு மணி நேரத்தில் தாளை மாற்றுங்கள். வெளிப்பக்கம் ஈரத்துணியால் துடைத்தால் வியர்வை உப்பு போகும். தோலுக்கு நிறமில்லாத ஷூ கிரீம் மெல்லிசாக, ஒன்றிரண்டு மாதத்துக்கு ஒருமுறை. தேங்காய் எண்ணெய் தடவினால் தோல் கறுத்து, நாளடைவில் சிக்குவாடை அடிக்கும். டால்கம் பவுடர் வியர்வையில் கட்டிகட்டியாகி உள்துணியை அரிக்கும். மழைக்காலத்தில் பூஞ்சை பூக்காமல் இருக்க, பீரோவுக்குள் அல்லாமல் காற்றோட்டமான ஆணியில் மாட்டுங்கள்.

பேண்டேஜை ஒவ்வொரு நாளும் துவைக்க வேண்டும். வெல்க்ரோவை மூடி, ஒரு வலைப்பையில் போட்டால் மெஷினில் பாம்புபோல் சிக்காது. வெந்நீரும் பிளீச்சும் எலாஸ்டிக்கைக் கொன்றுவிடும். காய்ந்ததும் வெல்க்ரோ முனையிலிருந்து சுருட்டுங்கள், வளையம் வெளியே நிற்கும், மறுநாள் அப்படியே கட்ட ஆரம்பிக்கலாம். ஜிம்மின் பொதுக் கிளவுஸைப் போட நேர்ந்தால் சொந்தப் பேண்டேஜ் இல்லாமல் கையை விடாதீர்கள். முட்டித்தோல் உரிந்திருக்கும் நாளில் அதுவும் வேண்டாம், படர்தாமரையும் சீழ்ப்புண்ணும் அப்படித்தான் பரவுகின்றன.

வலி எங்கே

சுண்டுவிரல் முட்டியில் வலித்தால் குத்து அகலமாகச் சுற்றிவந்து கடைசி இரண்டு முட்டிகளில் விழுகிறது. கட்டும் விதத்தை மாற்றிப் பயனில்லை, முறையைத் திருத்த வேண்டும். மணிக்கட்டின் மேல்பக்கம் வலித்தால் மணிக்கட்டுச் சுற்று போதவில்லை, அல்லது கிளவுஸ் பட்டை தளர்வு. நடுவிரல் முட்டி வீங்கி, முஷ்டி பிடிக்கும்போது நரம்புபோல ஒன்று பக்கவாட்டில் நழுவினால், முட்டிமேல் தசைநாரைப் பிடித்து வைத்திருக்கும் உறை கிழிந்திருக்கலாம். ஐஸ் வைத்துவிட்டு மறுநாள் குத்தப் போகும் சமாச்சாரம் அல்ல அது. முஷ்டி பிடித்தால் ஒரு விரல் மட்டும் மற்றதன் மேல் ஏறி நின்றாலும் எலும்பு திரும்பியிருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள், அன்றே எக்ஸ்ரே.

கட்டைவிரலை விரித்து நிமிர்த்தினால் அதன் அடியில் ஒரு பள்ளம் விழும். அந்தப் பள்ளத்தை அழுத்தி வலித்தால் அலட்சியம் கூடாது. ஸ்கேஃபாய்ட் என்ற சின்ன எலும்பு அங்கே இருக்கிறது. அதற்கு ரத்த ஓட்டம் குறைவு, முறிந்தால் கூடுவது கடினம். முதல் எக்ஸ்ரேயில் முறிவு தெரியாமலும் போகும். ‘ஒன்றுமில்லை, சுளுக்கு’ என்று சொல்லி அனுப்பினாலும் பத்து முதல் பதினான்கு நாள் கழித்து மறுபடி எடுத்துப் பார்க்கச் சொல்லுங்கள், அதுவரை கட்டைவிரலோடு சேர்த்து அசையாமல் பிடிக்கும் ஸ்ப்ளின்ட் இருக்கட்டும். இரண்டு மாநிலத்துக்கும் எட்டும் தூரத்தில் வேலூர் சி.எம்.சி.யில் கைக்கென்றே தனி அறுவைப் பிரிவு இருக்கிறது. தொழுநோயாளிகளின் மடங்கிப்போன விரல்களை நிமிர்த்த டாக்டர் பால் பிராண்ட் அங்கே தொடங்கிய வேலையிலிருந்து வளர்ந்தது அது. போகும்போது எந்தக் கை, எதைக் குத்தியது, எந்த முட்டியில் அடி விழுந்தது என்பதைச் சொல்லுங்கள். எங்கே எக்ஸ்ரே எடுப்பது என்பதை அதை வைத்துத்தான் தீர்மானிப்பார்கள்.